அப்பா 'அழாத' காசு

போன வாரம் டெஸ்க்கில் ஒரு ஆங்கிலச் செய்தி கைக்கு வந்தது. போக்குவரத்து விதியை மீறினால் அபராதத்தைக் கட்டியே ஆக வேண்டும் என்பதுதான் விஷயம். தலைப்பில் 'காஃப் அப்' என்று போட்டிருந்தார்கள். அப்படியே சொன்னால், 'இருமித் துப்பு'.

"'செலுத்த வேண்டும்'னு போட்டு முடிம்மா" என்றார் சீனியர். போட்டுவிட்டேன். ஆனால், மனசு கேட்கவில்லை. செலுத்துவது வேறு, மனசே இல்லாமல் எடுத்து நீட்டுவது வேறு.

இந்த இரண்டாவது வகைக்கென்றே ஆங்கிலத்தில் நிறைய சொற்கள் இருக்கின்றன. 'ஷெல் அவுட்' என்றால், பட்டாணியைத் தோலிலிருந்து உரித்தெடுப்பது போலக் காசை எடுப்பது. 'ஃபோர்க் அவுட்' என்பதில் வருகிற 'ஃபோர்க்', பழைய திருடர் பாஷையில் விரலைக் குறித்ததாம். இதில் 'காஃப் அப்' மட்டும் இரண்டு வேலை பார்க்கிறது. காசைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தாலும் அதுதான். மறைத்து வைத்த உண்மையை வேறு வழியில்லாமல் சொன்னாலும் அதுதான்.

எனக்கு இருமல் என்றதும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பெருந்துறையில் காசநோய்க்காரர்களுக்கென்று சானடோரியம் இருந்தது. அந்த வளாகத்தில் இப்போது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெரியவர்கள் மட்டும் இன்னும் 'சானடோரியம்' என்றுதான் சொல்வார்கள். நெஞ்சில் கட்டிய சளி லேசில் வெளியே வராது என்பது எங்கள் ஊருக்கு நன்றாகவே தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வோம்? யோசித்தால் நம்மிடமும் குறைவில்லை. 'கக்கு' என்பது அப்படியே 'காஃப் அப்'தான். 'வாங்கின பணத்தைக் கக்கு' என்போம், 'உண்மையைக் கக்கிட்டான்' என்றும் சொல்வோம். மாடு வளர்க்கிற எங்கள் பக்கத்தில் 'கற' என்றொரு சொல் உண்டு. கடைக்காரர் காசைக் கறப்பார். பக்கத்து வீட்டு அக்கா விஷயத்தைக் கறப்பார். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடென்றால் 'போட்டு வாங்குவதும்' நடக்கும். தெரிந்த மாதிரி ஒன்றைப் போட்டு, தெரியாததை வாங்குவது.

இன்னொரு சொல், 'அழு'. "கரண்ட் பில்லுக்கு ரெண்டாயிரம் அழுதேன்" என்பார் அம்மா. அழுதுகொண்டே கொடுத்தது என்று சொல்லாமல், கொடுப்பதையே அழுகையாக்கிவிட்டோம். எனக்குத் தெரிந்து ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் இல்லை.

அகராதியைப் புரட்டியபோது இன்னொன்றும் கிடைத்தது. பழைய தமிழில் 'இறு' என்ற சொல்லுக்கு வரி, கடன் போன்றவற்றைக் கொடுப்பது என்று ஒரு பொருள். பதில் சொல்வது என்று இன்னொரு பொருள். 'வரி இறுத்தான்', 'விடை இறுத்தான்'. கேட்டவருக்குப் பதில் சொல்வதும் ஒரு கடனைத் தீர்ப்பதுதான் என்று நம் முன்னோர்கள் நினைத்திருப்பார்களோ?

வரி இறுக்க மறுத்தவர் கதையும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. மைசூருக்குப் போன கொங்கு வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல்' என்று ஆளனுப்பியதாகத் தீரன் சின்னமலையைப் பற்றிச் சொல்வார்கள். அவரை 1805-ல் ஆங்கிலேயர்கள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். சமையற்காரர் துப்புக் கொடுத்ததால்தான் பிடிபட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. காசு போகாமல் நின்றதும் இங்கேதான், தகவல் வெளியே கசிந்ததும் இங்கேதான்.

இதழியல் டிப்ளமோ படித்தபோது எங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 பற்றிப் பாடம் எடுத்தார்கள். 10 ரூபாய் கட்டணம் செலுத்தி மனு போட்டால், பொதுவாக 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். தகுந்த காரணமில்லாமல் இழுத்தடித்தால், தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தகவலைக் கக்கு, இல்லையென்றால் காசைக் கக்கு! பரீட்சையில் இதற்கு நல்ல மார்க் வாங்கினேன்.

ஆனால், சொந்த வீட்டில் ஒரே ஒரு தகவலை வாங்க எனக்குப் பல வருஷம் ஆனது.

2019-ல் அந்த டிப்ளமோவுக்காகச் சென்னை கிளம்பினேன். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். அப்பா கொப்பரைக் களத்தில் வேலை பார்ப்பவர். அவ்வளவு பணம் வீட்டில் இருந்ததே இல்லை. இருந்தும், கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாளே பணம் வந்துவிட்டது.

"ஏதுங்ப்பா இவ்வளவு?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு கண்ணு. நீ போய்ப் படி."

அடுத்த லீவுக்கு வந்தபோது, அம்மா கழுத்தில் 3 பவுன் கொடியைக் காணோம். மஞ்சள் கயிறுதான் இருந்தது. கேட்டதற்கு, "கண்ணி விட்டுப்போச்சு, பத்த வைக்கக் குடுத்திருக்குது" என்றார். பிறகு, "மஞ்சக் கயிறுதான் ராசி" என்றார். போட்டு வாங்கிப் பார்த்தேன். "அடகுக் கடையில பார்த்தேன்னு மாமா சொன்னாருங்ப்பா" என்று ஒரு பொய்யைக்கூட எறிந்தேன். அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

இந்தப் பொங்கல் லீவில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். உடைத்துக் காயப்போட்ட தேங்காய்கள் வரிசையாகக் கிடந்தன. சும்மா இருக்காமல் ஒன்றை எடுத்துத் தொட்டியிலிருந்து பருப்பைப் பெயர்க்கப் பார்த்தேன். உடைந்துவிட்டது.

"ஈரமா இருக்கறப்ப நோண்டுனா ஒடைஞ்சுதான் வரும், அம்மிணி. ரெண்டு நாள் காஞ்சா அதுவே தொட்டிய விட்டுக் கழண்டுக்கும்" என்றார்.

சாப்பிட்டுக் கைகழுவியவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் எதுவும் கேட்காமலேயே சொன்னார்: "உங்கம்மா கொடி கடையில இல்ல கண்ணு. ஏலத்துல போயிருச்சு."

"எப்பங்ப்பா?"

"கொரோனாவுல களம் ஓடல. வட்டி கட்ட முடியல. நீ கேக்கறப்பல்லாம் திருப்பீரலாம், திருப்பிட்டுச் சொல்லிக்கலாம்னு நெனைச்சேன். அப்பறம் சொல்றதுக்கு வாய் வரல."

அடகு வைத்ததை அவர் மறைக்கவில்லை; மீட்க முடியாமல் போனதைத்தான் மறைத்திருக்கிறார். அதையும் நான் தாங்க மாட்டேன் என்று நினைத்து. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டிபன் பாக்ஸை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று உறைத்தது. கரண்ட் பில்லுக்கு, வண்டி ரிப்பேருக்கு, சீட்டுத் தவணைக்கு என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் 'அழுதிருக்கிறார்கள்'. என் படிப்புக்கு மட்டும் அந்தச் சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. "ஃபீஸ் கட்டியாச்சு" என்பார் அப்பா. அவ்வளவுதான். காசு தயங்காமல் வந்தது. சொல்தான் வெளியே வரத் தயங்கியது.

நம் எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு விஷயம் காய்ந்துகொண்டிருக்கலாம். கறக்காமல், பிடுங்காமல், பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அதுவாகக் கழன்று வரலாம்.

எனக்கும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பொங்கல் முடிந்த மாதத்திலிருந்து ஒரு நகைச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்குக் கொடி வாங்க. வீட்டில் யாருக்கும் தெரியாது. என் பெயரில் எது வந்தாலும் லிங்க்கைத் தொட்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படிப்பவர் அப்பா. இதையும் படிப்பார்.

ஆமாங்ப்பா, மாசாமாசம் கட்டுறேன். அழுகலைங்ப்பா.