முள்ஷி ஏரியைச் சுற்றும் பாதை

சீத்தா கேம்ப்பிலிருந்து முள்ஷி ஏரிக்குச் சைக்கிளில் போக விரும்புகிறவர் முதலில் அணுசக்தி நகரைக் கடக்க வேண்டும். பிறகு மான்கூர்ட், வாஷிக் கழிமுகப் பாலம், பன்வேல், கோபோலி. விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய பூனா சாலைதான். கோபோலிக்கு அப்பால் போர் கணவாய் தொடங்குகிறது. சுமார் 500 மீட்டர் ஏற்றம். லோனாவாலா வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதன் பிறகுதான் உண்மையான பயணம்.

இந்தப் பாதையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மிதிக்கும் ஒருவர் சீத்தா கேம்ப்பில் இருக்கிறார். வயது முப்பத்தைந்தைத் தொடுகிறது, தொழில் மின்பணி. அவருடைய தந்தையின் பிழைப்பும் சைக்கிளில்தான் நடந்தது. பின்னிருக்கையில் அலுமினியப் பாத்திரம் நிறைய இட்லி, கைப்பிடியில் சட்னி வாளி, ரப்பர் ஹாரன். மும்பையின் தெருக்களில் காலை ஏழு மணிக்கு அந்த ஹாரன் கேட்டால் தமிழர் ஒருவர் வருகிறார் என்று மராத்தியருக்கும் குஜராத்தியருக்கும் தெரியும். மகன் கியர் வைத்த சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கியபோது தந்தை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேரியர் எங்கே என்று மட்டும் கேட்டாராம். சுமை ஏற்றாத சைக்கிளை அவரால் கடைசிவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

கணவாயின் நடுவே ஷிங்ரோபா கோயில் இருக்கிறது. ஏறி வருகிற சைக்கிள்காரர்கள் மூச்சு வாங்க நிற்கும் இடம் அது. லாரி ஓட்டுநர்கள் காசு எறிந்துவிட்டுப் போவார்கள். ஷிங்ரோபா ஓர் இடையர் என்பது சொல்வழக்கு. இருப்புப்பாதை போட வழி தெரியாமல் திகைத்த வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்குக் கணவாயின் தடத்தைக் காட்டியவர். வேலை முடிந்ததும் அவர்களாலேயே கொல்லப்பட்டவர். வரலாற்று ஆவணமாக இதை நிறுவுவது கடினம். ஆனால் வழி காட்டியவனுக்கு வழியில் இடமில்லாமல் போன கதையை அந்த மலை மக்கள் ஏன் இத்தனை காலம் சுமக்கிறார்கள் என்பது எளிதில் விளங்கும்.

லோனாவாலாவிலிருந்து தெற்கே ஐ.என்.எஸ். ஷிவாஜியைத் தாண்டி, கோரிகட் கோட்டை அடிவாரம் வழியாகத் தைல்பைலாவின் இரட்டைப் பாறைச் சுவர்கள் தெரியும் மேட்டுக்கு ஏறி, பாம்பர்டே, பிம்ப்ரி, தாம்ஹிணி என்று சாலை இறங்குகிறது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இடப்புறம் மரங்களுக்கு நடுவே ஏரி வந்தும் மறைந்தும் துணைக்கு வரும். தாம்ஹிணியிலிருந்து கிழக்கே திரும்பினால் ஏரிக்கரையோரமாகவே முள்ஷி அணைக்கும் பௌடுக்கும் போகலாம். மழைக்காலத்தில் இச்சாலை அழகானது, ஆபத்தானது. பாசி பிடித்த வளைவுகளில் பிரேக்கை நம்பக் கூடாது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம். தண்ணீர் பாட்டில் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், மாற்று டியூப் இவை கட்டாயம். நீண்ட தூரத்துக்குக் கடைகள் இல்லை.

இயற்கையின் மடியில் ஒரு நீலக் கண்ணாடி என்று இந்த ஏரியைப் புகழ்ந்து எழுதாத சைக்கிள்காரர் குறைவு. மலை ஏரிகளைப் பற்றிய பொதுவான மயக்கம் அது. வாடகைச் சைக்கிளில் தமிழர்கள் சுற்றி மகிழும் கொடைக்கானல் ஏரியும் 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி கரை கட்டி உண்டாக்கியதே. அங்கே மூழ்கியது சதுப்பு நிலம். முள்ஷியில் மூழ்கியவை ஊர்கள்.

நிலா, முளா ஆறுகளின் பள்ளத்தாக்கில், அம்பேமோஹர் நெல் விளைந்த நிலத்தில், ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் மாவளர்கள் என்னும் உழவர்கள் வாழ்ந்தார்கள். பம்பாயின் பஞ்சாலைகளுக்கும் ரயில்களுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. டாட்டா நிறுவனம் அணை கட்ட முனைந்தது. அரசு 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தைக் கையில் எடுத்தது. 1921 ஏப்ரல் 16, ராமநவமி அன்று மாவளர்கள் வேலைத்தளத்தில் போய் அமர்ந்தார்கள். ‘உயிர் அல்லது நிலம்’ என்பது முழக்கம். பாண்டுரங்க மகாதேவ பாபட் சேனாபதி பாபட் ஆனது இந்தப் போராட்டத்தில்தான். வேலை சில மாதம் நின்றது, பிறகு தொடர்ந்தது. உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்று இதைக் குறிப்பிடும் ராஜேந்திர வோராவின் ஆய்வு நூல் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறது. நிலத்தின் பெரும்பகுதி பூனாவின் கடன்காரச் சாகுகார்களிடம் ஏற்கெனவே போயிருந்தது. அவர்களுக்கு இழப்பீட்டுத் தொகையே நிலத்தை விட இனித்தது. உழுதவன் நிலத்தைக் கேட்டான், எழுதி வைத்திருந்தவன் விலையைக் கேட்டான். 1924இல் போராட்டம் ஓய்ந்தது. 1927இல் பிரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

கிழக்கே ஓடி வங்கக் கடலைச் சேர வேண்டிய நீர், மலையைக் குடைந்து மேற்கே திருப்பப்பட்டு, சுமார் 500 மீட்டர் கீழே பிராவில் விழுகிறது. போர் கணவாயில் சைக்கிள் ஏறிய உயரமும் ஏறத்தாழ அதுவே. பிராவில் சுழலிகளைத் திருப்பிவிட்டு வெளியேறும் அந்த நீரில்தான் கோலாடில் காலை நேரங்களில் படகுச் சவாரி நடக்கிறது. மின்பணியாளரான அவரை மிகவும் கவர்ந்த செய்தி இது. வீட்டில் சொன்னார். அம்மா சுழலிகளைப் பற்றிக் கேட்கவில்லை.

“அந்த ஊர்க்காரவள எங்க கொண்டுபோய் விட்டாவ?” என்று கேட்டார்.

அம்மா பிறந்தது ஜனதா காலனியில். நகரின் பல மூலைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை 1950களின் தொடக்கத்தில் மாநகராட்சியே கொண்டுவந்து அமர்த்திய இடம் அது. பக்கத்தில் அணுசக்தி நிறுவனம் பின்னால் வந்து வளர்ந்தது. பிறகு அதற்கு அந்த நிலம் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் என்ற இளைஞர் தலைமையில் காலனி ஆண்டுக்கணக்காக எதிர்த்து நின்றது. நெருக்கடி நிலையின்போது, 1976 மே 17 அன்று, போலீஸ் பெரும்படை சூழ, ஏறத்தாழ 70,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். சில கிலோமீட்டர் தள்ளி, கழிமுகத்தை ஒட்டிய சேற்று நிலத்தில் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். அதுவே சீத்தா கேம்ப். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. லாரியில் தாத்தா கதவு நிலையைக் கட்டிப்பிடித்தபடி வந்ததும், இறங்கிய இடத்தில் அதை ஊன்றச் சுவரில்லாததும் அவருக்கு நினைவிருக்கின்றன.

முள்ஷியையும் ஜனதா காலனியையும் ஒரே தட்டில் வைப்பது சரியாகாது. அவர்கள் தலைமுறைகளாக உழுத மண்ணை இழந்தவர்கள். இவர்கள் ஏற்கெனவே ஒருமுறை பெயர்க்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பணம், அதுவும் உரிய கைக்குப் போய்ச் சேரவில்லை. இவர்களுக்குச் சேறானாலும் மனை கிடைத்தது, அக்கம்பக்கம் சிதறாமல் ஒன்றாக வந்தது. போராடியதன் பயன் அது. ஆயினும் அம்மாவின் கேள்விக்கு மகனிடம் விடை இல்லை. ஏரியை நான்கு முறை சுற்றியவர். எந்த வளைவில் தேநீர் கிடைக்கும், எந்த மேட்டில் இரண்டாம் கியர் போதாது என்பதெல்லாம் அத்துபடி. மூழ்கிய ஊர்களில் ஒன்றின் பெயரும் தெரியாது. அவருடைய குழுவினர் பகிர்ந்துகொள்ளும் பாதை வரைபடங்களிலும் அவை இல்லை. இருப்பவை விடுதிகள், கூடாரத் தளங்கள், காட்சி முனைகள்.

அடுத்த முறை அவர் கரையோர ஊர்களில் மெதுவாகப் போனார். தேநீர்க் கடைகளில் வயதானவர்களிடம் மராத்தியில் பேச்சுக் கொடுத்தார். தண்ணீருக்கு அடியிலிருந்த ஊரின் பெயரையே மேட்டில் குடியேறிய ஊருக்கும் வைத்துக்கொண்டதாக ஒரு பெரியவர் சொன்னார். அன்று நாற்பது கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. குழுவினர் கேலி செய்தார்கள்.

லோனாவாலாவுக்கு அருகில் பவனா அணை உண்டு. திகோனா, துங் கோட்டைகளுக்கு நடுவே சைக்கிளில் சுற்றுவதற்கு முள்ஷியை விட எளிது. இதன் நீரைக் குழாய்வழியே பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்குக் கொண்டுபோவதை எதிர்த்துத்தான் 2011 ஆகஸ்ட் 9 அன்று விவசாயிகள் விரைவுச்சாலையை மறித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தார்கள். அந்த அணையில் மூழ்கிய வாகேஷ்வர் கோயில் கோடையில் நீர் வற்றும்போது வெளியே வரும். கருங்கல் தூண்களில் சேறு காய்ந்திருக்கும். ஊர்க்காரர்கள் போய்க் கும்பிடுவார்கள்.

இதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு அங்கே போக வேண்டும். லோனாவாலாவுக்கு விரைவு ரயில், அங்கிருந்து காம்ஷேத்துக்கு லோக்கல், பிறகு ஆட்டோ என்று மகன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்; அவர் சைக்கிளில் வந்து சேர்ந்துகொள்வார். வெயில் தாங்க முடியாதே என்றால், சேத்துல நின்னவளுக்கு வெயிலா பெரிசு என்கிறார் அம்மா. புளிச்சோறு கட்டலாமா, இட்லியே போதுமா என்பதுதான் இப்போது வீட்டில் நடக்கும் விவாதம்.