மூத்த படி

கள்ளிக்காடு, பாறசாலை, நெய்யாற்றங்கரைப் பக்கத்து எல்லையூர்களின் தமிழைப் பதிவு செய்துவந்த ஆய்வு மாணவி ஒருவரிடம் 40 மணி நேர ஒலிக்கோப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றும் தொலையவில்லை. தொலைந்தவை, எலான் மென்பொருளில் அவர் எழுதிவைத்த பொருட்குறிப்புகள். பனைத்தொழிற் சொற்களுக்கு முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொன்ன விளக்கங்கள் அவை. அந்நேரம் பதிவுக்கருவி அணைந்திருந்தது. ஒருநாள் அந்த அடுக்கு முழுவதையும் தவறுதலாக நீக்கிச் சேமித்தார். இணையச் சேமிப்பு அந்தத் தவற்றையும் அப்படியே படியெடுத்துக்கொண்டது. 40 நாள் கழித்துக் கவனித்தபோது பழைய வடிவங்கள் அங்கே அழிந்துவிட்டிருந்தன. முதியவரும் காலமாகியிருந்தார்.

ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. இன்றைய கோப்பு பத்து இடங்களில் இருந்தாலும் அது ஒரே கோப்புதான். இன்றைய பிழையும் பத்து இடங்களில் இருக்கும். புதிய படி எழுதியதும் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வழக்கம் நம்மிடம் இருந்தது. படியில் புகுந்த பிழையைக் காட்டப் பழைய ஏடு இல்லாதபோது பதிப்பாசிரியர் எவ்வளவு மல்லாட வேண்டியிருக்கும் என்பதைச் சுவடியியல் படித்தோர் அறிவர்.

கணினித் துறையில் இதற்குப் பாட்டன், தந்தை, மகன் என்று ஒரு சுழற்சிமுறை உண்டு. அம்மாணவி இப்போது பின்பற்றுவது அதைத்தான். திங்கள் முதல் சனி வரை நாளுக்கொரு படி. அடுத்த திங்களன்று பழைய திங்கட்படியின் மேல் புதியது எழுதப்படும். ஞாயிறுதோறும் வாரப்படி, ஐந்து வாரம் இருக்கும். மாத இறுதிப் படியின் மேல் மட்டும், ஆய்வேடு அளிக்கும்வரை எதுவும் எழுதப்படாது. 40 நாள் பழைய பிழைக்கு நாட்படியும் உதவாது, வாரப்படியும் உதவாது. நீக்கத்துக்கு முந்தைய மாதப்படி ஒன்று இருந்திருந்தால் அதுவரை எழுதியவை தப்பியிருக்கும்.

இந்தச் சுழற்சி ஒலிக்கோப்புகளுக்குத் தேவையில்லை. பதிவான ஒலி மாறுவதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இருதடப் பதிவு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. அதை நாள்தோறும் படியெடுப்பது வட்டை வீணாக்குவதே. ஒருமுறை மூன்று இடங்களில் எழுதிச் சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைத்தால் போதும். நாளும் மாறுவன குறிப்புக் கோப்புகள். அவை சில மெகாபைட்டுகளே. அரிய உழைப்பு முழுவதும் அச்சிறு கோப்புகளில்தான் இருக்கிறது என்பதைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

வன்வட்டுகள் இரண்டு. ஒன்று தங்குமிடத்தில், ஐப்பசி மாலைகளின் இடிமின்னலுக்கு அஞ்சி, படியெடுத்ததும் கழற்றி வைக்கப்படும். மற்றொன்று காரியவட்டத்தில் தோழி ஒருவரிடம். மாதம் ஒருமுறை இரண்டும் இடம் மாறும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்த அச்சுநூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒற்றைச் சுவடிகளை முடியவில்லை.

வட்டு மாறும் நாளில் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்ப்பதும் அட்டவணையில் உண்டு. சென்றமுறை திறந்தது பனைத்தொழிற் கோப்பு. முதியவரின் மனைவியிடம் கேட்டு ஒன்பது சொற்களுக்குப் பொருள் எழுதி, கேட்ட நாளையும் குறித்திருக்கிறார். மற்றச் சொற்களுக்கு நேரே இன்னும் ஒன்றும் இல்லை.