ஹம் எங்கிருந்து வருகிறது?

கிதார் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கு வரும் பேஸ் கிதார்களில் ஒரு புகார் ஓயாமல் வருகிறது. "சார், வாசிக்காம சும்மா வெச்சிருந்தாலே ம்ம்ம்-னு ஒரு சத்தம்." பெரும்பாலும் அது ஃபெண்டர் ஜாஸ் பேஸ், அல்லது அதே அமைப்பில் வேறு நிறுவனம் செய்த வாத்தியம். கொண்டுவருகிறவர் நோயோடு மருந்தையும் முடிவுசெய்துகொண்டே வருகிறார்: பிக்கப்பை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே முழுக்கக் காப்பர் ஃபாயில் ஒட்டிவிட வேண்டும். இந்த வேலையை மேசையருகே நின்று கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. எந்தச் சத்தம் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலின் உயிர். பொருளை மாற்றுவது அதற்குப் பிறகு வரும் கைவேலை. நாமோ பொருளுக்கு மட்டும் காசு கொடுக்கிறோம், பிரித்தறிகிற வேலையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. செலவு செய்த பிறகும் ஹம் அப்படியே இருப்பதற்கு முக்கியமான காரணம் அதுதான்.

ஒற்றைக் காயில் பிக்கப்பின் அமைப்பு எளிமையானது. ஜாஸ் பேஸில் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் இரண்டு காந்தக் குச்சிகள், மொத்தம் எட்டு. அவற்றைச் சுற்றி 42 கேஜ் செம்புக் கம்பி, தலைமுடி அளவு பருமன், ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர், பல ஆயிரம் சுற்று. தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, காயிலில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. ஆனால் தன்னை அசைத்தது தந்தியா, பக்கத்து ஆம்பிளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரா என்று காயிலுக்குத் தெரியாது. சுவருக்குள் ஓடும் மின்சாரம் நம் நாட்டில் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது, அதாவது 50 ஹெர்ட்ஸ். இந்த எண் பேஸ் வாசிப்பவரைக் குறிப்பாக வாட்டும் எண். ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். ஹம்மும் ஸ்வரமும் இவ்வளவு நெருங்கி நிற்பதால் நீட்டிப் பிடித்த ஜி, விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கி அலைவதுபோல் கேட்கும். திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். ஹம்மின் இரண்டாம் மடங்கு 100. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ், பி ஃபிளாட்டுக்கும் பி-க்கும் நடுவே எந்த ஸ்வரத்தோடும் ஒட்டாமல் விழுகிறது. ஃபில்டர் வைத்து 50 ஹெர்ட்ஸை வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த வெட்டில் ஹம்மோடு சேர்ந்து அடி ஜி-யின் கனமும் போகும். பேஸில் அந்தக் கனத்தைத்தான் நாம் கேட்க விரும்புகிறோம்.

மேசையில் முதலில் நடப்பது திருகாணியைக் கழற்றுவது அல்ல. வாத்தியத்தை ஆம்பில் செருகி வால்யூமை ஏற்றிவிட்டு, தொழிலாளி காது கொடுத்துக் கேட்கிறார். பிறகு வந்தவரிடம், "தம்பி, ஸ்ட்ரிங்ஸ் மேல கைய வைங்க" என்கிறார். கை வைத்ததும் சத்தம் பாதிக்குமேல் அடங்கினால் அது மின்புலத்தால் வரும் 'பஸ்'. டியூப் லைட், டிம்மர், எல்இடி விளக்கின் டிரைவர் ஆகியவை எழுப்பும் கீச்சான இரைச்சல் அது. வாசிப்பவரின் உடம்பே ஆன்டெனாபோல அதை வாங்கி வாத்தியத்துக்குள் தள்ளுகிறது; தந்தி வழியாக எர்த் கிடைத்ததும் அடங்குகிறது. கை வைத்தால் சத்தம் கூடுகிறது என்றால் உள்ளே எங்கோ எர்த்தும் சிக்னலும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. தொட்டாலும் மாறாமல், வாத்தியத்தோடு உட்கார்ந்தபடியே மெல்லத் திரும்பும்போது ஒரு கோணத்தில் தணிந்து இன்னொரு கோணத்தில் எழுந்தால், அது காந்தப்புலத்தால் வரும் அசல் ஹம். வாத்தியத்தைத் திறக்காமல், ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் விடை இது. அடுத்து என்ன செய்வது என்பதை இந்தச் சில நிமிடங்கள்தான் தீர்மானிக்கின்றன.

முதல் வகைக்கு மருந்து எர்த்தும் ஷீல்டிங்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையை ஜாக்கின் வெளிவளையத்திலும் வைத்தால் ஏறக்குறைய பூஜ்ஜிய ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிரிட்ஜுக்கு அடியில் அழுத்திவைத்த எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம், அல்லது நழுவியிருக்கலாம். அதைச் சுரண்டிச் சரியாக உட்கார வைத்தாலே பல வாத்தியங்கள் அமைதியாகிவிடும். அதற்குப் பிறகுதான் ஃபாயில். பிக்கப்பும் ஒயர்களும் உட்காரும் பள்ளத்தின் சுவரிலும் தரையிலும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுகிறார்கள். ஒரு துண்டின் விளிம்பு அடுத்த துண்டின் மேல் ஏற வேண்டும். ஏறிய இடத்தில் ஒரு சொட்டு ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பசை மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பி இதை விட்டுவிட்டால், சில மாத ஈரக்காற்றில் ஒரு துண்டு தனித்தீவாகிவிடும். மூலைக்கு மூலை மீட்டர் வைத்து, பீப் ஒலி வந்த பிறகே அடுத்த மூலைக்குப் போகிறார்கள். ஜாக்கின் சிக்னல் முனை ஃபாயிலில் பட்டால் வாத்தியமே ஊமையாகிவிடும் என்பதால் அந்த இடத்தில் மட்டும் இன்சுலேஷன் டேப். பொறுமை கேட்கும் வேலை இது. ஃபாயில் மேல்ஸ்தாயியை மழுங்கடிக்கும் என்று ஒரு குறை சொல்லப்படுகிறது. காயிலையே இறுக்கிச் சுற்றி ஒட்டினால் கொஞ்சம் உண்மை. பள்ளத்தில் மட்டும் ஒட்டினால் பேஸில் காதுக்குப் பிடிபடுகிற வித்தியாசம் வராது என்பது என் முடிவு. ஆனால் இத்தனை உழைப்பும் காந்தப்புல ஹம்மைத் தொடாது. மெல்லிய செம்புத் தகடு 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. "ஃபாயில் போட்டும் போகல" என்று கோபத்தோடு திரும்பி வருபவர்களின் வாத்தியங்களில் பெரும்பாலும் இதுதான் கதை. ஃபாயிலில் குறையில்லை, நோய் வேறு.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிக்க வேண்டும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்தோ ஒயரைக் கழற்றியோ விட்டால் ஹம் போய்விடும் என்று சில மேடைகளில் செய்கிறார்கள். இரண்டு கருவிகளின் எர்த் சுற்றிக்கொண்டு உருவாகும் லூப்பில் வரும் ஹம் அப்படி அடங்குவதும் உண்டு. ஆனால் பேஸின் தந்திகள் எர்த்தோடு இணைந்தவை. ஆம்பில் பழுது வந்து மின்சாரம் கசிந்தால், ஒடித்த முள்ளுக்குப் பதிலாக வாசிப்பவரின் உடம்பு வழியாகத்தான் அது நிலத்துக்குப் போகும். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகரில் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். எந்த ஒலிச் சுத்தத்துக்கும் இந்த விலை கூடாது.

காந்தப்புல ஹம்முக்கு மருந்து அதே காயிலின் இயல்பிலேயே இருக்கிறது. இரண்டு காயில்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி, காந்த முனைகளையும் தலைகீழாக வைத்தால், வெளியிலிருந்து வரும் ஹம் இரண்டிலும் நேரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் ஒலி மட்டும் கூடுகிறது. 1951-இல் ஒற்றைக் காயிலோடு வந்த பிரிசிஷன் பேஸுக்கு லியோ ஃபெண்டர் 1957-இல் இரண்டாகப் பிளந்த காயில் கொடுத்தது இந்த முறையில்தான். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனி பிக்கப்புகளே இந்த ஜோடியாக நிற்கின்றன. இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் ஹம் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் திரும்பி வரும். மேசையில் இதைச் சோதிக்க ஒரு சிறு திசைகாட்டி போதும். ஒரு பிக்கப்பின் மேல் அதன் முள் வடக்காகவும் மற்றதன் மேல் தெற்காகவும் திரும்ப வேண்டும். எப்போதோ ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றிய வாத்தியங்களில் இரண்டும் ஒரே பக்கம் காட்டும்; அங்கே இன்னொரு புதிய பிக்கப்பை விற்பதற்குமுன் ஜோடி சேர்கிறதா என்று பார்ப்பதே நேர்மை. ஜோடி சேர்ந்தாலும் இரண்டு காயிலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. கலிபோர்னியாவில் ஃபெண்டர் தொழிற்சாலையில் 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் காயில் சுற்றிய அபிகாயில் இபாரா போன்ற பெண்கள், ஓடும் கம்பியை விரலால் வழிநடத்தியே சுற்றினார்கள். அந்த விரலின் அழுத்தம் காயிலுக்குக் காயில் கொஞ்சம் மாறும். ஆகவே சொச்ச ஹம் மிஞ்சுவது குற்றமல்ல.

"இரண்டையும் முழுக்கத் திற என்றால் என் ஒலி போய்விடுமே" என்பது வலுவான ஆட்சேபம். பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸில் பின்பக்கப் பிக்கப்பைச் சார்ந்தே அந்த மூக்கொலி கலந்த பாடும் தொனியை உருவாக்கினார். அது வேண்டும் என்பவருக்கு நான் சொல்லும் பதில், அதே உறைக்குள் பொருந்தும் பிளந்த காயில் பிக்கப். அதில் இரண்டு தந்திக்கு ஒரு காயில், மற்ற இரண்டுக்கு இன்னொன்று. எந்தத் தந்தியும் ஒரு காயிலுக்கு மேல் பார்ப்பதில்லை. ஒலி மாறவே மாறாது என்று சொல்ல மாட்டேன். உச்சத்தில் இருக்கும் மெல்லிய மினுமினுப்பு கொஞ்சம் குறையும். ஆனால் பிளந்த காயில் பேஸின் குணத்தைக் கெடுத்துவிடும் என்றால், மோடவுன் நிறுவனப் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் பிரிசிஷன் பேஸில் வாசித்ததை என்னவென்பது? காந்தமில்லாத உபரிக் காயிலைச் சேர்த்து ஹம்மை அழிக்கும் வழியும் உண்டு. அலெம்பிக் நிறுவனம் இரண்டு பிக்கப்புக்கும் நடுவில் அதை வைத்தது. நல்ல வழிதான், ஆனால் பழைய வாத்தியத்தில் அதற்கு இடமும் கூடுதல் மின்சுற்றும் வேண்டும். நாய்ஸ் கேட் என்கிற கருவியோ வாசிக்காத நேரத்தில் மட்டும் வாயைப் பொத்துகிறது. வாசிக்கும்போது ஹம் ஸ்வரத்தோடு சேர்ந்தே ஓடும். மேடையில் டிரம்ஸ் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்பார்கள். மேடைக்குச் சரி. ஆனால் இளையராஜா பாடல்களில் பேஸைத் தனியே பின்தொடர்ந்து கேட்டுப் பழகிய காதுகள் இங்கே நிறைய. ஒலிப்பதிவில் கம்ப்ரெஸ்ஸர் போட்டதும் தாழ்ந்து கிடந்த ஹம்மும் சேர்ந்து எழும்பும்.

உங்கள் வாத்தியத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோகும்போது "பிக்கப் மாத்தணும்" என்று தொடங்காதீர்கள். என்ன சத்தம், எந்த இடத்தில், எந்த விளக்கு எரியும்போது, ஸ்ட்ரிங்கைத் தொட்டால் என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். காது வைத்துக் கேட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, "இதுக்கு எர்த் ஒயர் மட்டும் போதும்" என்று சொல்கிறவருக்கு, ஒரு பொருளும் விற்காத அந்த வேலைக்கும் முழுக் கூலி கொடுங்கள்.