ஒன்பது நிலைகள்

அந்தப் பட்டறை கோவை அவிநாசி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. லிஃப்டில் நின்ற ஃபார்ச்சூனர் வால்பாறையில் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவருடையது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, அதற்கு மேல் தோட்டத்துக் கல்பாதை. பழைய ஷாக்கப்சர்களில் எண்ணெய் கசிய ஆரம்பித்திருந்தது. இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையைப் போட வந்திருந்தார்.

"உர மூட்டை ஏத்துனா பின்னாடி குந்திக்குது. இதுல இறுக்கி வெச்சுக்கலாமில்ல?"

"குந்தறதுக்கு ஸ்பிரிங்கைத்தாங்ணா மாத்தோணும்," என்றார் மெக்கானிக். "எடையைத் தாங்கறது அது. ஷாக்கு ஆட்டத்தை நிறுத்தறதோட சரி."

பலர் குழம்பும் இடம் இது. அமுங்கிய ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தரும். விட்டால் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும். ஷாக்குக்குள் பிஸ்டன், எண்ணெயைச் சிறு வால்வுகள் வழியே பிதுக்கி அந்தத் துள்ளலைச் சூடாக மாற்றிவிடுகிறது. கல்பாதையில் வெகுநேரம் ஓடினால் எண்ணெய் நுரைத்துப் பிடிப்பு போய்விடும். அதைத் தடுக்கத்தான் நைட்ரஜன் அழுத்தம்.

பெட்டியைப் பிரிக்குமுன் மெக்கானிக் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்தன. முன்னால் இரும்பு பம்பர் உண்டா? கூரையில் கேரியர்? மாதத்தில் எத்தனை நாள் சுமை? பிறகுதான் வகைகளுக்கு வந்தார். கோனி ஹெவி டிராக்கில் வெளியே குமிழ் கிடையாது. கழற்றி, முழுக்க அமுக்கி, தண்டைத் திருப்ப வேண்டும். அதிலும் மாறுவது நீளும்போது உள்ள பிடிப்பு மட்டும்தான். ஓல்ட் மேன் எமுவின் பிபி-51 அமுங்குவதையும் நீள்வதையும் தனித்தனியே மாற்றவிடும், விலையும் அதற்கேற்ப. தோட்டக்காரர் எடுத்தது வெளிக்குமிழ் வைத்த வகை. 1 மெத்து, 9 கெட்டி.

பின்பக்கம் சுலபமாக முடிந்தது. முன்பக்கம் அப்படியல்ல. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கூட்டாக இருப்பதால் ஸ்பிரிங்கை கம்ப்ரெஸரில் நெருக்கிய பிறகே மேல் நட்டைத் தொடலாம். நெருக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும். உதவிக்கு நின்ற பையன் பார்க்கும் ஆர்வத்தில் நேரெதிரே குனிந்தான். "டேய், தள்ளி நில்லுடா!" என்று ஓர் அதட்டல். பட்டறையில் அன்று கேட்ட ஒரே உரத்த குரல் அதுதான்.

லோயர் ஆர்ம் போல்ட்டுகளை லிஃப்டில் இருக்கும்போது கையளவுக்குத்தான் முடுக்கினார்கள். வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே டார்க் ரென்ச். தொங்கும் நிலையில் முடுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இது. வெளியே தெரியாது, சில மாதம் கழித்துச் சத்தமாக வரும்.

காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, தெருக்கோடியில் வேகத்தடைகள் அடுத்தடுத்து இருந்த சாலைக்குப் போனோம். ஒரே வேகம், ஒரே தடைகள், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். முன்பக்கத்தைத் தொட்டால் மெக்கானிக் பின்பக்கத்தைத் தொடமாட்டார். 2-இல் தடை தாண்டியபின் வண்டி இன்னும் இரண்டு முறை தலையாட்டியது. உரிமையாளர் 7 வைக்கச் சொன்னார். வைத்தார். முதல் தடையில் கம்பீரமாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த தடைகளில் பின்சக்கரம் கீழே இறங்கி வருமுன் அடுத்த மேடு வந்துவிட, வண்டி அமுங்கிக்கொண்டே போய் இடுப்பில் குத்தியது. கல்பாதையிலும் இதேதான் நடக்கும். கெட்டியாக இருந்தால் உறுதி என்ற நம்பிக்கை அங்கேயே கழன்றது.

முன்னால் 3, பின்னால் 4 என்று நிறுத்தினார். "சுமை ஏத்தறப்ப பின்னாடி 5 வெச்சுக்குங்ணா. எறக்குனதும் மறக்காம பழையபடி கொண்டாந்துருங்." உரிமையாளர் தலையாட்டினார்.

அவர் போய் மறுபக்கம் நின்றதும் மெக்கானிக்கிடம் கேட்டேன், திருப்புவாரா என்று. "யாருங்க சார் குனிஞ்சு திருப்பறாங்க? அதனாலதான் திருப்பாட்டியும் ஓடற மாதிரி 4 வெச்சேன்." மாற்றுவதற்கென்றே விலை கொடுத்து வாங்கிய பொருளை, மாற்றவே மாட்டார் என்று வைத்துக்கொண்டு பூட்டியிருக்கிறார். அவர் அறிவில் நான் மதித்த பகுதி இது.

வீல் அலைன்மென்டுக்கு வண்டியை வேறு கடைக்கு அனுப்பினார்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி பார்க்க வரச்சொல்லி பில்லின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். கனமான பின் ஸ்பிரிங்குக்கும் தோட்டக்காரர் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டார்.