ஓடிப் பார்த்துத்தான் வாங்கினேன்

2006 இல் சம்பூரை விட்டு வெருகல் பக்கமாக நாங்கள் வெளிக்கிட்ட நாளில், வீட்டில் நின்ற மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் உதைத்து உதைத்துப் பார்த்தார். தள்ளிக்கொண்டு ஓடியும் பார்த்தார். கடைசியில் அதை வேலியோரம் சாய்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அது கெட்ட வண்டி என்று சொல்லமாட்டேன். முதல் நாள் வரைக்கும் ஓடிய வண்டிதான். தேவைப்பட்ட அன்றைக்கு ஓடவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான், சகோதரிகளே, சென்ற 2025 ஆம் ஆண்டு ஸ்கூட்டர் ஒன்று வாங்கப் போனபோது நான் கொஞ்சம் கரைச்சல் பிடித்த ஆளாக நடந்துகொண்டேன்.

எனக்குத் தையல் வேலை. ஊருக்குத் திரும்பிய பிறகு நானும் இன்னும் நாலு பெண்களும் தைக்கிற உடுப்புகளைத் திருகோணமலைக் கடைகளுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முன்பு இந்தப் பயணம் ஒரு நாள் வேலை. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையில் எத்தனை 'பாதை' ஏறி இறங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தவர்களுக்குத் தெரியும். (வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன், நாங்கள் பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவையை.) 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி என்று மற்றப் பாலங்களும் வந்தன. இப்போது வீதி நல்ல வீதி. ஆனால் மூதூர் தாண்டி, கட்டைபறிச்சான் தாண்டி, ஒழுங்கைக்குள் இறங்கினால் மணல்தான். என்னுடைய வண்டி நின்றுபோகக்கூடிய இடமும் அதுதான், கடைக்கு முன்னால் இருக்கிற தார் வீதி அல்ல.

வாகன இறக்குமதி 2020 இல் நின்றதிலிருந்து பழைய வண்டிகள்கூட யானை விலை விற்றன. 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கொடுத்த பிறகுதான் புதியது வாங்கும் துணிவு வந்தது. மின்சார ஸ்கூட்டரையும் நினைத்துப் பார்த்தேன். 2022 இல் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலுக்காகத் தொலைபேசியில் கியூஆர் காட்டி வரிசையில் நின்றவளுக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா? ஆனால் அது பழுதானால் திருத்த எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. ஆசையை விட்டுவிட்டேன்.

போவதற்கு முதல் மூதூரில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிற நானா ஒருவரிடம் கேட்டேன். "தங்கச்சி, எந்த வண்டியும் கடை வாசல்ல நல்லாத்தான் ஓடும். ஏத்தத்துல ஓட்டுங்க, பாரத்தோட ஓட்டுங்க, சூடானபிறகு நிப்பாட்டி எடுத்துப் பாருங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். கியர் உள்ள மோட்டார் சைக்கிள் பற்றறி இறந்தாலும் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். ஸ்கூட்டரில் அது முடியாது. அதில் எஞ்சின் வேகம் பிடித்த பிறகுதான் கிளச் தானாக ஒட்டும். சில்லை உருட்டினால் எஞ்சின் சுற்றாது. ஆகவே கிக்கர் இல்லாத ஸ்கூட்டரை எடுக்கவேண்டாம் என்றார். புதிய மாதிரிகள் சிலவற்றில் கிக்கரே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெற்றோலை மின்சாரத்தால் பாய்ச்சுகிற மாதிரிகளில் பற்றறி முற்றாக இறந்தால் கிக்கர் இருந்தும் பயன் இல்லாமல் போகலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

திருகோணமலையில் ஒரு கடைக்கு 20 கிலோ அரிசி மூட்டையோடு போனேன். விற்கிற தம்பிமார் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முதலில் அவர்கள் காட்டியது நல்ல சிவப்பு நிறம், பார்க்கக் கண் கூசும் அழகு. ஏறி இருந்தேன், இரண்டு குதிக்காலும் நிலத்தில் படவில்லை. மணலில் சரிந்தால் நுனிக்காலால் நூறு கிலோ வண்டியைத் தாங்க முடியுமா? அதற்குக் கிக்கரும் இல்லை. "இப்ப எல்லாரும் இதுதான் அக்கா எடுக்கிறாங்க" என்றார் தம்பி. எல்லாரும் சம்பூருக்குப் போவதில்லையே.

இரண்டாவது 110 சிசி. கால் பட்டது. முன்சில்லு 12 அங்குலம், சின்னச் சில்லைவிட இது பள்ளத்தில் குறைவாக விழும். மூட்டையைக் காலடித் தட்டில் வைத்து, கடைத் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உட்துறைமுக வீதியால் போய் உவர்மலை ஏறினேன். நடு ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, திரும்ப எடுத்தேன். கொஞ்சம் இழுத்துப் பறித்தது, ஆனால் பின்வாங்கவில்லை. இறங்கும்போது எங்கிருந்தோ ஒரு புள்ளிமான் குறுக்கே வந்தது. நகரத்து மான்கள் ஆட்களுக்கும் பயப்படுவதில்லை, வாகனங்களுக்கும் பயப்படுவதில்லை. இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தேன். மூட்டை சரியவில்லை, வண்டி வழுக்கவில்லை, தம்பிதான் "அம்மா!" என்று கத்திவிட்டார். பிரேக்குக்கு அதைவிட வேறு சோதனை எனக்குத் தேவைப்படவில்லை.

கடைக்கு வந்து எஞ்சின் சூட்டோடு நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்தேன். செல்ப் ஸ்டார்ட்டில் எடுத்தது. பிறகு பற்றறி வயரைக் கழற்றச் சொன்னேன். முதலில் மறுத்தார்கள். "காசைக் கட்டினதுக்குப் பிறகு காட்டில கழற்றிப் பார்க்கவா தம்பி?" என்று கேட்டேன். முதலாளி வந்து கழற்றச் சொன்னார். முதல் உதையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அந்த நேரம் என் நெஞ்சு அடித்ததை அங்கு நின்ற ஒருவருக்கும் விளங்கியிராது. மூன்றாவது உதையில் பிடித்தது.

அன்றைக்கே எடுக்கவில்லை. லீசிங் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்து மகனை வாசிக்கச் சொன்னேன். வண்டி நின்றாலும் தவணை நிற்காது, அதனால் மாதத் தவணை என் தையல் வருமானத்தின் மூன்றிலொன்றைத் தாண்டாதபடி முற்பணத்தைக் கூட்டிக் கட்டினேன். என்னிடம் இருந்த ஏ1 லைசன் 100 சிசி வரைக்கும்தான், இதற்கு ஏ வகுப்பு வேண்டும் என்று தெரிந்து அதற்கும் அலைந்தேன். அந்தக் கதையை இன்னொரு மாதம் எழுதுகிறேன்.

இன்றுவரை நடுவழியில் என்னை விட்டது ஒரு தடவைதான். கட்டைபறிச்சானில் ஆணி ஏறியது. ரியூப் இல்லாத ரயர் என்பதால் காற்று மெதுவாகத்தான் போனது, கடைவரைக்கும் ஓட்டிக்கொண்டே போய்விட்டேன். கடற்காற்றுக்குச் சைலன்சரில் துரு தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. அதை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கிறேன். மணல் தூசிக்கு எயார் பில்டரைச் சொன்ன காலத்துக்கு முன்பே துப்புரவு செய்விக்கிறேன். உள்ளே இருக்கும் பெல்ட்டை 20,000 கிலோமீற்றர் அளவில் மாற்றவேண்டி வரும் என்று நானா சொன்னதால், அதற்கென்று ஒரு உண்டியலும் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் செல்ப் ஸ்டார்ட்டைத் தொடாமல் கிக்கரில்தான் எடுக்கிறேன். அது இறுகிப்போகக் கூடாது என்று மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். வெருகலுக்கு நடந்த அன்று அவனுக்கு இரண்டு வயது. அந்தச் சத்தம் அவனுக்கு ஞாபகம் இல்லை.