சிம்மக்கல்லும் விமான ஆசனமும்

வையைப் பாலத்தைக் கடந்து மதுரை நகருக்குள் பிரவேசிப்பவர்களை முதலில் எதிர்கொள்வது யானைக்கல், அடுத்தது சிம்மக்கல். யானையும் சிங்கமும் இவ்வளவு அருகில் சண்டையின்றி வாழ்வது மதுரையில்தான்! பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே பழைய சொக்கநாதர் கோயில் ஒன்று அங்கே இருப்பதை வெளியூர் அன்பர்கள் பலர் கவனிப்பதில்லை. நமக்கு அக்கோயிலிடம் தனிப் பிரியம். அதன் கதை மரியாதையைப் பற்றியது.

இடைக்காடர் என்னும் புலவர் குலேச பாண்டியன் சபையில் கவி பாடினார். அரசன் தலையைக்கூட அசைக்கவில்லை. மனம் நொந்த புலவர் சொக்கநாதர் சந்நிதியில் முறையிட்டுவிட்டு வெளியேறினார். சுவாமியும் தம் ஆலயத்தை விட்டுக் கிளம்பி, வடக்கே வையையின் தென்கரையில் வந்து அமர்ந்துவிட்டார். அந்த இடமே இது என்பது ஐதிகம். பாண்டியன் என்ன செய்தான்? பாட்டுக்கு விலை போட்டுக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினானா? இல்லை, தானே தேடி வந்து பிழை பொறுக்க வேண்டினான். புலவரையும் உயர்ந்த ஆசனத்தில் இருத்தி உபசரித்தான்.

சென்ற மாதம் உடன் வந்த நண்பர் ஒருவரிடம் இக்கதையைக் கூறினோம். அவர் பெருமூச்செறிந்தார். முழங்கால் வலியால் அவதிப்படும் தம் தாயாருக்காக, சென்னையிலிருந்து டில்லி செல்ல விமானத்தில் உயர்வகுப்புச் சீட்டு வாங்கியிருந்தாராம். புறப்படும் சமயத்தில் விமானத்தை மாற்றிவிட்டார்கள். மாற்று விமானத்தில் உயர்வகுப்பு ஆசனங்கள் குறைவு. அம்மையார் சாதாரண வகுப்பில் காலை மடக்கியபடியே டில்லி போய்ச் சேர்ந்தார். "கட்டண வித்தியாசத்தைத் தந்துவிடுவோம்" என்றாராம் சிப்பந்தி.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வித்தியாசம்? விமானக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். மூன்று மாதம் முன்பு உயர்வகுப்புக்கு 40,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். புறப்படும் நாளில் சாதாரணச் சீட்டே 31,000 ரூபாய்க்கு விற்றால், வித்தியாசம் 9,000 ரூபாய்தான். இன்னும் சற்று ஏறியிருந்தால், நாம்தான் கம்பெனிக்குக் கடன்பட்டவர்கள் போலிருக்கிறது!

இந்த வேடிக்கைக் கணக்குக்கு இந்திய சர்க்காரின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் முடிவு கட்டியது. 2023 பிப்ரவரி 15 முதல் அமலுக்கு வந்த விதிப்படி, பிரயாணியின் சம்மதமின்றி அவரைக் கீழ்வகுப்புக்கு மாற்றினால், உள்நாட்டுப் பிரயாணத்தில் வரி உட்பட சீட்டு விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தரவேண்டும். மேற்சொன்ன கணக்கில் அது 30,000 ரூபாய். 2022 டிசம்பரில் வெளியான நகலில் முழுத் தொகையும் தரவேண்டும் என்றுதான் இருந்தது. பிறகு கால் பங்கு கரைந்துவிட்டது. நகலே நின்றிருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

வெளிநாட்டுப் பிரயாணத்துக்குத் தூரமே அளவுகோல். 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம். அதற்கு மேல் 3,500 வரை 50. அதையும் தாண்டினால் 75. ஐரோப்பிய யூனியன் 2004-ல் வகுத்த விகிதங்களும் இவையே. மதுரையிலிருந்து கொழும்பு முதல் வகையில் அடங்கும், சிங்கப்பூரும் துபாயும் இரண்டாவதில், லண்டன் மூன்றாவதில். முழங்கால் வலிக்கு உள்நாடென்றும் வெளிநாடென்றும் பேதமுண்டா? கொழும்பு செல்பவருக்கு மட்டும் ஏன் 30 என்பது நமக்கு விளங்கவில்லை.

ரெயிலில் இன்றும் வித்தியாசம் மட்டுமே கிடைக்கும். அதற்கும் டிக்கெட் பரிசோதகரிடம் சான்று வாங்கியாக வேண்டும். விமானத்திலும் அந்த ஜாக்கிரதை நல்லது. நண்பர் வெறுங்கையுடன் திரும்பவில்லை. இரண்டு விமானச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்தார். ஆசனம் மாறிய காரணத்தை எழுதி வாங்கியிருந்தால் இன்னும் சௌகரியம். கம்பெனி மசியாவிட்டால் சர்க்காரின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம். அதற்குப் பின்னும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கோயில் வாசலில் நின்றே நண்பர் தம் புகாரின் முதல் வாக்கியத்தை நம்மிடம் வாசித்துக் காட்டினார். அதில் பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அம்மையாரிடம் ஏன் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார்.