சிநேகிதியுடன் சிக்கனமாக ஓர் இலங்கைப் பிரயாணம்

வெளிநாட்டுப் பிரயாணம் என்றாலே நம்மில் பலருக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, லட்சக்கணக்கில் செலவு. இன்னொன்று, கொடி பிடித்த ஒருவர் பின்னால் நாற்பது பேர் மூச்சிரைக்க ஓடுவது. இரண்டும் வேண்டாம். கொஞ்சம் யோசித்துத் திட்டம் போட்டால், பஸ்ஸிலும் வாடகைக் காரிலுமாக இரண்டு பெண்கள் நிதானமாக ஒரு நாட்டைப் பார்த்துவிட்டு வரலாம். 2025 பிப்ரவரியில் நானும் என் பள்ளித் தோழியும் இலங்கைக்குப் போய் வந்தது அப்படித்தான்.

இலங்கையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் இருவர் வீட்டிலும் பெரியவர்கள் இலங்கை வானொலி கேட்டே வளர்ந்தவர்கள். அது ஆசைக்கு. கணக்குக்கு வேறு காரணங்கள்: விமானத்தில் ஏறி உட்கார்ந்து காபி குடிப்பதற்குள் இறங்கிவிடலாம். வடக்கிலும் மலைநாட்டிலும் தமிழ் பேசியே சமாளிக்கலாம். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைத்தது. மூலை முடுக்கெல்லாம் பஸ் ஓடுகிறது.

ஆனால் வரைபடத்தைப் பிரிப்பதற்கு முன்னால் பேசி முடிக்க வேண்டிய பேச்சு ஒன்று இருந்தது. பணப் பேச்சு!

என் தோழிக்குக் கணவர் இல்லை. வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. பிரயாணப் பேச்சை எடுத்ததுமே, "நீ உன் வீட்டுக்காரரோட போயிட்டு வாடி, எனக்கு அவ்வளவு முடியாது" என்றாள். "நான் போட்டுக்கறேன், நீ வா" என்று சொல்வது சுலபம். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் வரமாட்டாள். வந்தாலும், ஒவ்வொரு காபிக்கும் என் முகத்தைப் பார்த்தபடியே எட்டு நாளைக் கழிப்பாள். முப்பது வருஷ சிநேகிதத்தை அப்படி அழைத்துப் போய்க் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

ஆகவே, "எவ்வளவு ஆகும்?" என்ற பேச்சையே விட்டேன். "உன்னால எவ்வளவு முடியும்? அதை மட்டும் சொல்லு" என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, சீட்டுப் பணம் வருகிறது, நாற்பத்தைந்தாயிரம் முடியும் என்றாள். அதுவே இருவருக்கும் உச்சவரம்பு என்று முடிவு செய்தோம். சிநேகிதியோடு பிரயாணம் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி இதுதான்: யாருடைய பை சின்னதோ, அந்தப் பைதான் இருவருக்கும் அளவு.

அந்த நாற்பத்தைந்தாயிரத்தை மளிகை லிஸ்ட் போல ஒரு தாளில் பிரித்து எழுதினோம். தலைக்கு விமானம் 13,000, தங்குமிடம் 7,200, மூன்று நாள் வாடகைக் கார் 7,000, சாப்பாடு 5,000, பஸ், ஆட்டோ 1,800, நுழைவுக் கட்டணங்கள் 4,000, விசாவும் இன்ஷூரன்ஸும் 2,500. ஆக மொத்தம் 40,500. மீதி 4,500 ஆபத்துக்கு. அதைத் தனி உறையில் போட்டு ஒட்டிவிட்டோம். விலைவாசியும் விசா விதிகளும் அடிக்கடி மாறுகிறவை. நீங்கள் கிளம்பும்போது இலங்கையின் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையதளத்தைப் பார்த்தே எதையும் முடிவு செய்யுங்கள்.

அடுத்தது பொதுப் பை. ஒரு சின்னத் துணிப் பையில் இருவரும் சம பங்கு போட்டு, அறை, சாப்பாடு, வண்டி எல்லாம் அதிலிருந்தே கொடுத்தோம். ஒரு நாள் நான் கணக்குப் பார்த்தால் மறுநாள் அவள். இரவு படுக்குமுன் நோட்டில் எழுதிவிட வேண்டும். புடவை, பொம்மை, தேயிலை போன்றவை அவரவர் சொந்தப் பணத்தில். "நீ வாங்கினியே, நான் வாங்கலையே" என்ற பேச்சே கிடையாது.

இனி வழி. போனதும் வந்ததும் ஒரே ஊர் என்றால், போன வழியிலேயே திரும்பி வர ஒரு முழு நாளும் பஸ் காசும் தண்டம். அதனால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தில் இறங்கி, கொழும்பிலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுத்தோம். சென்னை - யாழ்ப்பாணம் விமானம் கொரோனா காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பலும் தொடங்கியது. ஆனால் மழைக் காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எங்களுக்குத் தேதி நிச்சயமாக வேண்டியிருந்ததால் விமானம்.

யாழ்ப்பாணம், அனுராதபுரம், தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, கொழும்பு என்று வடக்கிலிருந்து ஒரே கோடாக இறங்குவது எங்கள் பாதை. பருவத்தைக் கவனிப்பது முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பையும் மலைநாட்டையும் நனைக்கும். வருஷக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை யாழ்ப்பாணம், திருகோணமலை பக்கம் கொட்டும். பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு தொந்தரவும் குறைவு. இன்னொன்று, அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' என்ற விடுமுறை நாள். பௌத்தக் கோவில்களிலும் பஸ்களிலும் நெரிசல் இருக்கும். காலண்டரைப் பார்த்து, பௌர்ணமிக்கு முதல் நாளே ஊர் திரும்பும்படி அமைத்துக்கொண்டோம்.

எட்டு ராத்திரியில் ஏழுக்குத்தான் ஊர் எழுதினோம். எட்டாவதற்கு 'சும்மா நாள்' என்று பெயர் வைத்தோம். எந்த ஊர் பிடிக்கிறதோ, எங்கே உடம்பு படுத்துகிறதோ அங்கே செலவழித்துக்கொள்ளலாம். முதல் ராத்திரி அறையும் கடைசி ராத்திரி அறையும் மட்டும் கட்டாயம். நடுவில் உள்ளவற்றை, முதல் நாள் வரை பணம் பிடிக்காமல் ரத்து செய்யலாம் என்ற ஏற்பாட்டில் மட்டுமே பதிவு செய்தோம். இருபது ரூபாய் கூட இருந்தாலும் பரவாயில்லை, இந்த வசதியைக் கேட்டு வாங்குங்கள். இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும் பிரயாணத்தின் உயிர்நாடியே அதுதான்.

அது எவ்வளவு சரி என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. நயினாதீவு நாகபூஷணி அம்மனைப் பார்க்க, குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் போக வேண்டும். அன்று காற்று பலமாக இருந்தது. தோழிக்குத் தண்ணீர் என்றால் பயம். மறுநாள் அனுராதபுரம் என்று எழுதியிருந்தோமே, என்ன செய்வது? தங்கியிருந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே, "என்ன அவசரம்? ஆறுதலா இருந்திட்டு நாளைக்குப் போங்கோவன்" என்றார். 'ஆறுதலாக' என்றால் யாழ்ப்பாணத்தில் 'மெதுவாக' என்று அர்த்தமாம்! சும்மா நாளை அங்கேயே எடுத்துக்கொண்டோம். மறுநாள் காற்று அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினாள். அம்மன் சந்நிதியில் அவள் வெகுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரத்துக்கு ஆனையிறவு, வவுனியா வழியாக பஸ்ஸில் வந்தோம். சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்த போதி மரம் இருக்கும் ஊர் அது. பஸ் போதாத இடம் என்றால் தம்புள்ளை தொடங்கி மலைநாடு வரைதான். சிகிரியா, மாத்தளை முத்துமாரியம்மன் கோவில், றம்பொடை வளைவுகள் என்று நின்று நின்று பார்க்க வேண்டியவை அங்கேதான். ஆகவே அந்த மூன்று நாளுக்கு மட்டும் டிரைவருடன் சின்னக் கார். நம் ஊர் போலவே அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்றாலும், நம் லைசென்ஸ் மட்டும் போதாது, அங்கே தனி அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு ஓட்டவும் தெரியாது!

கார் பேசும்போது இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் அடக்கம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, பெட்ரோல் யார் செலவு, டிரைவர் ராத்திரி எங்கே படுப்பார், காலி வண்டி திரும்புவதற்குத் தனியாகக் கேட்பார்களா? தமிழ் தெரிந்த டிரைவர் வேண்டும் என்று முதலிலேயே சொன்னோம். மலைநாட்டைச் சேர்ந்த ஒரு தம்பி வந்தார். "அக்கா, தலை சுத்துதுன்னா சொல்லுங்க" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக் கேட்டு ஓட்டினார்.

சிகிரியா, அனுராதபுரம் போன்ற இடங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். ஆனால் சார்க் நாடுகளைச் சேர்ந்தவர்களுக்குச் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள். முழங்கால் வலி உள்ள என் தோழி, "நீ ஏறிட்டு வா, நான் கீழே தோட்டத்தைப் பாக்கறேன்" என்றாள். அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாம், பாதி வழியில் திரும்பலாம் என்று நான் வற்புறுத்தவில்லை. மிச்சமான பணம் பொதுப் பைக்கே போயிற்று. டிக்கெட் வாங்காமல் உள்ளே தோட்டத்துக்கு விடமாட்டார்கள் என்பதால், வெளியே குளக்கரையில் உட்கார்ந்து செவ்விளநீர் குடித்திருக்கிறாள். ஜோடியாகப் போனாலும் தினம் இரண்டு மணி நேரம் அவரவர் வழி என்பதும் எங்கள் விதிகளில் ஒன்று.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தேங்காய்ச் சம்பலிலும் சில கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடுவது அங்கே சர்வ சாதாரணம். சிங்களத்தில் அதற்கு 'உம்பலகட'. "உம்பலகட இல்லாமல்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காலையில் இடியாப்பமும் சொதியும், மத்தியானம் சோறும் நாலைந்து கறிகளும், மாலையில் எருமைத் தயிரில் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டால் வயிறும் நிறையும், பணமும் தங்கும்.

உடம்பு விஷயம். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, நாட்களைவிட நாலு நாள் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கொசு மருந்து, நாப்கின், நுவரெலியாவுக்கு ஸ்வெட்டர் அவசியம். அந்த ஊர் 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. பஸ்ஸில் தூக்கி வைக்க முடிந்த ஒரே ஒரு பை போதும். அங்கே இலவச ஆம்புலன்ஸ் எண் 1990, போலீஸ் 119.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "ரெண்டு பொம்பளைங்க தனியாவா?" என்று என் மாமியாரும், "அம்மா, உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அவள் பிள்ளையும் கேட்டார்கள். நாங்கள் வாதாடவில்லை. தங்கும் இடம், டிரைவர், இன்ஷூரன்ஸ் எண்கள் எல்லாம் எழுதிய தாளை இரண்டு வீட்டிலும் பிரிட்ஜில் ஒட்டினோம். தினம் ராத்திரி எட்டரைக்கு போன் செய்வோம் என்று சொன்னோம், செய்தோம். மூன்றாம் நாள் முதல் மாமியார், "இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்டார்.

நாங்கள் வந்த பிறகு, 2025 நவம்பர் கடைசியில், டிட்வா புயல் அந்தத் தீவை உலுக்கியது. வெள்ளமும் மலைநாட்டு நிலச்சரிவுகளும் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயின. செய்தி பார்த்ததும் டிரைவர் தம்பிக்குத்தான் முதலில் போன் செய்தோம். குடும்பத்தோடு பத்திரமாக இருந்தார். இனி மலைநாடு போகிறவர்கள் சாலையும் ரயிலும் எப்படி இருக்கின்றன என்று விசாரித்துக்கொண்டே கிளம்புங்கள். அந்த மக்களுக்கு நம் வருகையும் ஓர் உதவிதான்.

ஆபத்துக்கு என்று வைத்த உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. என் பங்கைத் திருப்பித் தர வந்தவளிடம், வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும் என்றேன். மறுவாரம் தபால் ஆபீஸில் ஆர்.டி. கணக்கு ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். மாதாமாதம் எவ்வளவு போடலாம் என்று அவள்தான் சொன்னாள். அதே தொகையை நானும் போடுகிறேன்.